மெரினாவின் மணல் யாருடையது?

(பொத்தேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடல் அலையும் நீரோட்டமும் ஒரு கரையை எப்படி ஆக்குகின்றன, எப்படி அழிக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. பொத்தேரியில் நின்றுகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். கிழக்கே கோவளம் கடற்கரை இங்கிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தூரத்தை விடுங்கள், நம் அன்றாட வாழ்க்கையிலேயே அந்தக் கடல் இருக்கிறது.

நம்மில் பலர் தினமும் செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர்கள். கடைசி நிலையத்தின் பெயர் கடற்கரை. இறங்கி வெளியே வந்து பாருங்கள். ராஜாஜி சாலை தெரியும். லாரிகள் தெரியும். துறைமுகத்தின் மதில் தெரியும். கடல் தெரியுமா? தெரியாது. அந்தச் சாலையைப் பழைய ஆட்கள் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று சொல்வார்கள். 150 ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை அடித்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் சரக்கையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, அலையைக் கடந்து வந்து, மணலில் இறக்கின.

அந்தக் கடல் எங்கே போனது? அதற்குத் தெற்கே, மெரினாவில் இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? அதற்கு வடக்கே, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருந்த மணல் எங்கே போனது? மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் அலையைப் புரிந்துகொள்வோம். அலை என்றால் தண்ணீர் நம்மை நோக்கி ஓடி வருகிறது என்று நினைக்கிறோம். ஆழ்கடலில் அப்படி நடப்பதில்லை. படகில் போகும் மீனவரைக் கேளுங்கள். அலை வந்தால் படகு ஏறும், கொஞ்சம் முன்னே போகும், இறங்கும், பின்னே வரும். அலை போய்விடும், படகு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். நீர் நின்ற இடத்தில் வட்டமடிக்கிறது. ஓடி வருவது காற்று அதற்குக் கொடுத்த விசை.

அந்தக் காற்று நம் ஊர்க் காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் கரைக்கு வரும் நீண்ட அலைகளில் பல, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு இப்பால் வீசும் புயற்காற்றில் பிறந்தவை. பல நாள் பயணம் செய்து வருகின்றன. வானம் தெளிவாக, இலைகூட அசையாமல் இருக்கிற நாளிலும் கரையில் திடீரென்று அலை உயர்வது இதனால்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் ‘கள்ளக்கடல்’ என்று எச்சரிக்கை விடும்போது அதைச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். அன்று குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஆழ்கடலில் பத்து நொடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். அந்த நீளத்தில் பாதி, அதாவது 78 மீட்டர் ஆழம் வந்ததும் அலைக்கு அடி தட்டத் தொடங்கும். அடி தட்டினால் வேகம் குறையும். பின்னால் வருவது நெருக்கும். உயரம் கூடும். தன் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழத்துக்கு வந்ததும் தாங்க மாட்டாமல் முன்னே கவிழ்ந்து உடையும். உடைகிற அந்தக் கணத்தில்தான் தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து வந்த விசையைக் கரைக்கு முன்னால் உள்ள அந்தக் குறுகிய பட்டையில் கொட்டித் தீர்க்கிறது. பத்து நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு எத்தனை? 8,640 முறை. இரவு பகல் இல்லை, ஞாயிறு விடுமுறை இல்லை.

திருப்போரூரிலோ திருக்கழுக்குன்றத்திலோ தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் தேரைத் திருப்ப என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் ஓடும், தேர் திரும்பும். அலைக்கும் அதேதான். கரையை நோக்கிச் சாய்வாக வரும் அலையின் ஒரு முனை முதலில் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து தயங்கும். ஆழத்தில் இருக்கும் மறுமுனை முந்தும். அலை வளைந்து கரைக்கு இணையாகத் திரும்பப் பார்க்கும். கோவளத்தில் கடலுக்குள் சிறிதளவு நீண்டிருக்கும் முனையைப் போய்ப் பாருங்கள். அலைகள் அந்த முனையைச் சுற்றி வளைந்து, வடபக்கம் அடங்கி வருவது கண்ணுக்கே தெரியும். முனையில் விசை குவிகிறது, அது தேய்கிறது. குடாவில் விசை பரவி மெலிகிறது, அங்கே மணல் தங்குகிறது. உலகத்தின் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முனையும் குடாவும் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கும்.

ஆனால், நண்பர்களே, அலை முழுவதும் திரும்பி முடிப்பதற்குள் கரை வந்துவிடுகிறது. கொஞ்சம் சாய்வு மிச்சம் இருக்கும்போதே உடைகிறது. அந்தக் கொஞ்சம் சாய்வுதான் சென்னையின் தலையெழுத்தையே எழுதியது.

எப்படி? ஆடி மாதத்தில் பாலவாக்கம் கடற்கரையில் நின்று, அலை ஏறும் இடத்தில் ஒரு தென்னை மட்டையைப் போடுங்கள். அலை அதைத் தூக்கி, தென்கிழக்கிலிருந்து வந்த சாய்விலேயே, வடமேற்காக மேலே தள்ளும். தண்ணீர் திரும்பும்போது சாய்வாகத் திரும்பாது. சரிவைப் பார்த்து நேராக இறங்கும். அடுத்த அலை மறுபடி வடமேற்காகத் தூக்கும், மறுபடி நேராக இறக்கும். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், மட்டை உங்களுக்கு வடக்கே போயிருக்கும். மட்டைக்கு நடப்பதுதான் ஒவ்வொரு மணல் துகளுக்கும் நடக்கிறது. அதோடு, உடையும் அலைகளுக்கு உட்புறமாகக் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டம் ஓடுகிறது. அலை கிளப்பிவிட்ட மணலை அது வாரிக்கொண்டு போகிறது.

இந்த ஓட்டங்களை நம் மீனவர்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னைக் குப்பங்களில் நீரோட்டத்துக்கு வெள்ளம் என்று பெயர். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி வெள்ளம், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி வெள்ளம். எந்த வெள்ளத்தில் எந்த வலை, எந்தப் பக்கம் போட வேண்டும் என்பது அவர்களுக்குப் பிழைப்பு.

ஆண்டு முழுவதும் மணல் ஒரே பக்கம் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காலத்தையும் அதற்கு முன்னுள்ள கோடையையும் சேர்த்து, ஏறக்குறைய பங்குனி முதல் ஐப்பசி வரை மணல் வடக்கே நடக்கிறது. வடகிழக்குப் பருவத்தில், வாடைக்காற்று பிடித்துக்கொண்டதும், தெற்கே திரும்புகிறது. ஆனால் வடக்கே போகும் மாதங்கள் அதிகம். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் பல லட்சம் கன மீட்டர் மணல் நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. வாயலூர் பக்கத்தில் பாலாறு கடலில் கொட்டிய மணல், மாமல்லபுரத்தைத் தாண்டி, கோவளத்தைத் தாண்டி, நீலாங்கரையைத் தாண்டி வடக்கே போகிறது. கரைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு மணல் ஆறு ஓடுகிறது. கடற்கரை என்று நாம் சொல்வது அந்த ஆற்றின் ஒரு நாளையத் தோற்றம். இன்று நீங்கள் உட்கார்ந்த மணல் அடுத்த ஆண்டு அங்கே இருக்காது, வேறு மணல் இருக்கும். வந்த மணலும் போன மணலும் சமமாக இருந்தால் கரை அப்படியே இருக்கிறது. வரவு நின்றால்?

இந்தக் கேள்வியோடு மறுபடி சென்னைத் துறைமுகத்துக்குப் போவோம்.

1861இல் அங்கே ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். கடற்படுகையில் இரும்புக் கால்களைத் திருகி இறக்கி, அதன்மேல் தளம் போட்ட பாலம். கரையிலிருந்து கடலுக்குள் முன்னூறு மீட்டருக்கு மேல் நீண்டது. கால்களுக்கு நடுவே தண்ணீர் போனது, மணலும் போனது. மணல் ஆற்றுக்கு அந்தப் பாலம் ஒரு தடையே அல்ல. அது போதவில்லை; கப்பல்கள் கரை சேர அடக்கமான இடம் வேண்டும் என்று வணிகர்கள் கேட்டார்கள். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அந்தப் பாலத்தின் இருபுறமும் இரண்டு சுவர்கள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போயின. 1881இல் வேலை முடிகிற நேரத்தில் ஒரு பெரும்புயல் அடித்துச் சுவர்களைக் குலைத்தது. மறுபடி கட்டினார்கள்.

பாருங்கள், ஒரே இடம். ஒரே கடல். பாலம் இருந்தபோது மணல் போனது, சுவர் வந்ததும் மணல் நின்றது. வடக்கே நடந்துகொண்டிருந்த மணல், தெற்குச் சுவரில் வந்து முட்டிக் குவியத் தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு குவிந்தது. கரை கடலுக்குள் நகர்ந்தது. அங்கேதான் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் 1884இல் நடைபாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார்.

அந்த மணல் எவ்வளவு என்று உங்கள் காலாலேயே அளந்து பார்க்கலாம். காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா, அது 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டி கப்பலில் வந்து, படகில் இறங்கி, அங்கே போனது. வெயிலில் உருகும் சரக்கை இறக்குகிறவன் கிடங்கை எங்கே கட்டுவான்? கடலை ஒட்டிக் கட்டுவான். இன்று அந்த வீட்டு வாசலில் நின்று கடலைத் தேடுங்கள். சாலையைக் கடக்க வேண்டும், நடைபாதையைக் கடக்க வேண்டும், பிறகு மணலில் இறங்க வேண்டும். சுடுமணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, ராட்டினங்களைத் தாண்டி, நூறு, இருநூறு, முன்னூறு மீட்டர் நடந்தால்தான் அலை. நீங்கள் நடந்த அந்த நிலம் முழுவதும் துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்.

உட்கார்ந்து காற்று வாங்குகிறோம், தலைவர்களுக்கு அங்கே நினைவிடம் கட்டியிருக்கிறோம், குடியரசு தின அணிவகுப்பை அதன் ஓரத்தில் நடத்துகிறோம். உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். நானும் பெருமைப்படுகிறவன்தான். ஆனால் அந்த மணல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டிருக்கிறோமா? ராயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காசிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் போய்க்கொண்டிருந்தது. மெரினாவில் தங்கிய ஒவ்வொரு கைப்பிடியும் வடசென்னைக்குப் போக வேண்டிய கைப்பிடி!

துறைமுகத்துக்கு வடக்கே அலை நின்றுவிடவில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. இருந்த மணலை எடுத்து வடக்கே அனுப்பியது. தெற்கிலிருந்து புதிய மணல் வரவில்லை. செலவு உண்டு, வரவு இல்லை. கரை பின்வாங்கியது. நூறாண்டுக்கு மேலாகப் பின்வாங்கியது. நூற்றுக்கணக்கான மீட்டர் நிலம் போனது. வலை காயப்போட்ட களம் போனது, படகு ஏற்றிய மணல் போனது, தெருக்கள் போயின, கோயில்கள் போயின. மீனவர் குடும்பங்கள் உள்ளே தள்ளி வீடு கட்டின, மறுபடி கடல் வந்தது, மறுபடி தள்ளிப் போயின. கடல் பொல்லாதது என்று நாம் சொல்லிவிட்டோம். கடல் எப்போதும் செய்ததைத்தான் செய்தது. மாறியது கரையில் நாம் கட்டியது.

பிறகு என்ன செய்தோம்? கருங்கல் கொட்டினோம். எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் கிழக்கே ஆளுயரக் கற்களின் வரிசை கடலையே மறைத்துக்கொண்டு கிடக்கிறது. கல் சாலையைக் காப்பாற்றும், கரையைக் காப்பாற்றாது. மணலில் ஏறி வழிந்து ஓய வேண்டிய அலை, கல்லில் மோதித் தெறித்து, காலடி மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கல் சரியும். மேலும் கல் கொட்டுவோம். அதன்பிறகு தூண்டில் வளைவுகள் போட்டோம். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் கரங்கள். ஒரு தூண்டில் வளைவின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தென்பக்கம் மணல் கல்லின் தலைவரை ஏறி நிற்கும், படகுகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள், பையன்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். வடபக்கம் குனிந்தால் அதே கல்லுக்குக் கீழே தண்ணீர் அறைந்துகொண்டிருக்கும், ஓர் ஆள் இறங்க முடியாத பள்ளம். ஒரே கல். தெற்கே கொடுத்தது, வடக்கே எடுத்தது. துறைமுகம் பெரிதாகச் செய்ததைத் தூண்டில் வளைவு சிறிதாகச் செய்கிறது. ஒரு குப்பத்துக்குப் போட்டால் அதற்கு வடக்கே உள்ள குப்பம், எங்களுக்கும் போடுங்கள் என்று கேட்கிறது. கேட்காமல் என்ன செய்யும்? அவர்கள் கேட்பது நியாயம். அப்படியே வடக்கே வடக்கே கல் போகிறது, அரிப்பும் அதற்கு முன்னால் போகிறது.

எண்ணூரில் 2001இல் காமராஜர் துறைமுகம் வந்தது. அதன் தென்புறம் சேர்ந்த மணல், கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைக்கிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம் வந்தது. அதற்கும் வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம், கரை குறுகிக்கொண்டு வருகிறது. அங்கே கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருப்பது ஒடுக்கமான மணல் பட்டை. அந்தப் பட்டை அறுந்தால் ஏரி ஏரியாக இருக்குமா? இறாலை நம்பியிருக்கும் ஊர்கள் என்ன ஆகும்? இதைத் துறைமுகம் கட்டுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டும், கடைசியில் அல்ல.

நம் நாட்டில் இது ஓர் ஊரின் கதையும் அல்ல. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் நகரத்தின் மணற்கரை மறைந்தது. காந்தி சிலைக்குக் கீழே மணலில் உட்கார்ந்து பேசிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, கருங்கல் குவியலைத்தான் கடற்கரை என்று நினைத்து வளர்ந்தது. அரிப்பு மாநில எல்லையைப் பார்க்குமா? வடக்கே தமிழ்நாட்டின் சின்னமுதலியார்சாவடிக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடல் தானாக எதையும் மாற்றாது என்று எண்ணிவிடாதீர்கள். மனிதன் கல் எடுத்து வைப்பதற்கு முன்பே கடல் ஊர்களைத் தூக்கியிருக்கிறது, கைவிட்டும் இருக்கிறது. தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கொற்கையில் நேர்மாறு: பாண்டியரின் முத்துத் துறைமுகம், தாமிரபரணி கொட்டிய வண்டல் சேர்ந்து சேர்ந்து, இன்று கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே வயல் நடுவே இருக்கிறது. தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் அழித்தது. ஆனால் இயற்கை எடுத்தால் இன்னோரிடத்தில் கொடுக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது அத்தனை அகலமான மெரினாவிலேயே, மாற்றுத்திறனாளிகளுக்கென்று அமைத்துச் சில நாட்களே ஆன மரப்பாதையின் கடல் முனையை அலை சிதைத்தது. அன்று போன மணல் எங்கே போனது? கரைக்கு எதிரே, சற்று ஆழத்தில், திட்டாகக் கிடந்திருக்கும். புயல் அலை மணலைக் கடலுக்குள் இழுத்து வைக்கும், அமைதியான அலை மாதக்கணக்கில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். காயம் ஆறும். மணல் வரவே வழியில்லாத கரையில்தான் ஆறாது.

சரி, இதில் தாம்பரம் பக்கத்து மக்களுக்கு என்ன? நிறையவே இருக்கிறது. அடையாறு எங்கே பிறக்கிறது? நம் பக்கத்தில். ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், நந்திவரம் ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து, முடிச்சூர் வழியாகத் திருநீர்மலை போய், பட்டினப்பாக்கம் பக்கத்தில் கடலில் விழுகிறது. விழ வேண்டும். அங்கேதான் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தின் குறுக்கே திட்டுப் போடுகிறது. ஆற்றில் நீர் ஓட்டம் வலுவாக இருந்தால் திட்டை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் ஓட்டம் குறைந்ததும் அலை ஜெயிக்கும், வாய் மூடும். மழைக்கு முன் இயந்திரத்தை விட்டுத் தோண்டித் திறக்கிறார்கள். கூவத்துக்கும் இதே கதி. துறைமுகத்தின் தென்புறத்திலேயே அதன் வாய் இருப்பதால் குவிகிற மணலெல்லாம் அதன் வாயில்தான். கடல் ஏற்றம் உள்ளே வந்து கழுவ வழியில்லாமல் கூவம் தேங்கி நாறுகிறது. அந்த நாற்றத்துக்குச் சாக்கடையோடு மணலுக்கும் பங்குண்டு.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்த வெள்ளத்துக்கு முகத்துவார மணல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏரிகளை நிரப்பியது, ஓடைகளை மறித்தது, ஒரே நாளில் பெய்த பேய்மழை என்று காரணங்கள் பல. ஆனால் இங்கே பெய்யும் ஒவ்வொரு சொட்டும் கடைசியில் ஒரு மணல் திட்டின் அனுமதி கேட்டுத்தான் கடலுக்குள் போக வேண்டும். நமக்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீரும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைத் தேடுகிறது. அங்கேயும் வாயைக் காப்பது மணல்.

இந்தியக் கரையை 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்த தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம், நாட்டின் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்கிறது. தமிழ்நாட்டில் அது 42.7 விழுக்காடு. இந்த மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணையில். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் அங்கேதான். அந்த நிறுவனம்தான் புதுச்சேரியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்கடியில், எஃகால் ஆன ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை 2018இல் இறக்கியது. அலை அதன்மேல் உடைந்து வலுவிழக்க, மணல் தங்கத் தொடங்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊர்க் குழந்தைகள் மணலில் கால் வைத்தார்கள். கல் சுவர் செய்யாததை, அலையின் போக்கைப் படித்த அறிவு செய்தது.

இன்னும் நேரான வழியும் உண்டு. மணல் சுவரில் முட்டி நிற்கிறதா? எடுத்து அந்தப் பக்கம் கொடு! ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் அதைத்தான் செய்கிறார்கள். தென்புறம் சேரும் மணலைக் குழாய் வழியாக உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் கடத்தி, வடபுறக் கடற்கரைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர். அவ்வளவு தூரம் எதற்கு, விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகம் கட்டியதிலிருந்து, தென்புறம் பிடிக்கும் மணலைத் தோண்டி வடபுறக் கடற்கரைக்குப் போடுகிறார்கள். சென்னையில் ஏன் கூடாது? மெரினாவை அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து சேரும் மணலை, துறைமுகத்தின் வாயிலும் கூவத்தின் வாயிலும் அடையாற்றின் வாயிலும் நாம் எப்படியும் தோண்டித்தான் ஆகவேண்டிய மணலை, வடசென்னைக்கு அனுப்பச் சொல்கிறேன். செலவாகும் என்பார்கள். கருங்கல்லுக்கு ஆன செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்? அந்த மணல் வடசென்னை மக்களுடையது. சுவர் எழத் தொடங்கிய 1876 முதல் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த இடத்துக்குத் தெற்கே கடலில் என்ன கட்டியிருக்கிறார்கள், என்ன கட்டப் போகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்துக் குப்பத்துப் பெரியவரிடம் கேளுங்கள். எந்த வருடம் கடல் எதுவரை வந்தது என்று தேதியோடு சொல்வார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு கழிகள், சென்டிமீட்டர் கோடு போட்டவை; இடையில் கட்ட ஒரு கயிறு. கோவளத்தில் ஒரு தூண்டில் வளைவுக்குத் தெற்கே ஓரிடம், வடக்கே ஓரிடம் தேர்ந்தெடுங்கள். கரைமேட்டிலிருந்து தண்ணீர் வரை, கயிற்றின் நீளத்துக்கு ஒரு தடவை, இரண்டு கழிகளையும் நட்டு நிறுத்துங்கள். கடல் பக்கக் கழியின் தலையையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் பார்த்து, அந்தக் கோடு உங்கள் பக்கத்துக் கழியில் எங்கே வெட்டுகிறது என்று குறியுங்கள். தலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழேயோ, அத்தனை சென்டிமீட்டர் மணல் சரிந்திருக்கிறது. புரட்டாசியில் ஒரு முறை, வாடை அடங்கித் தை முடிந்ததும் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை எடுங்கள். உங்களுக்குப் பின் வரும் வகுப்பிடம் கழியையும் நோட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்கும், பிறகு கோட்டைக்கும் போவோம். நானும் உங்களோடு வருகிறேன்.